பழைய டீசல் வேன் வாங்கலாமா? எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் இயற்பியல்

விடிவதற்கு முன்பே மேருவில் வேன்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. சில வேன்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. சில, தொழிற்சாலைகளுக்கு வேலையாட்களைக் கொண்டு சேர்க்கின்றன. இன்னும் சில, கிள்ளான் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகின்றன. இவற்றில் பல புதிதாக வாங்கப்பட்டவை அல்ல. இரண்டாவது கை, மூன்றாவது கை மாறி வந்தவை.

ஒரு பழைய வேன் என்பது பல குடும்பங்களுக்கு வெறும் வாகனம் அன்று. அதுவே தொழில். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஊழியர் சேமநிதியில் இருந்த பணத்தை எடுத்துப் பள்ளி வேன் வாங்குபவர்கள் உண்டு. வாங்கிய மூன்றாம் மாதமே எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் சேமிப்பும் போயிற்று, வருமானமும் போயிற்று. எனவே வேனின் வெளிப் பளபளப்பைவிட அதன் எஞ்சினின் உடல்நிலையை அறிவது முக்கியம். அதற்கு நீங்கள் பள்ளியில் படிக்கும் வெப்பம், வாயு விதிகள், அழுத்தம் ஆகிய பாடங்களே போதும். எப்படி என்று பார்ப்போமா, மாணவர்களே?

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைப் பிஸ்டன் மிகச் சிறிய இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று கடுமையாகச் சூடாகிறது. அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான் இங்கும். பாயில் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். வெப்பநிலை மாறாதபோது வாயுவின் கன அளவு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பது அவ்விதி. ஆனால், டீசல் எஞ்சினில் நெருக்குதல் மிக வேகமாக நடக்கிறது. வெப்பம் வெளியேற நேரமே இல்லை. அதனால் அழுத்தத்தோடு வெப்பநிலையும் ஏறுகிறது.

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் இந்த எண்ணத்துக்கு 1892இல் காப்புரிமை கோரினார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவரது எஞ்சின் சோதிக்கப்பட்டது. எரிபொருளில் இருந்த ஆற்றலில் 26.2 விழுக்காட்டை அது பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்களால் அந்த அளவை நெருங்க முடியவில்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயிலும் ஓட்டிக் காட்டப்பட்டது. இன்று நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படுவதை நினைத்தால், இந்தப் பழைய செய்தி சுவையாக இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம்

நம் சாலைகளில் அதிகம் காணும் வேன் டொயோட்டா ஹையேஸ். 2004இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை ஹையேஸின் டீசல் வகையில் 2.5 லிட்டர் எஞ்சின் ஒன்று உண்டு. பட்டறைக்காரர்கள் அதை ‘2கேடி’ என்பார்கள். அதன் 3 லிட்டர் அண்ணன் ‘1கேடி’. பழைய வேன் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் எஞ்சின்கள் இவை. ஆகவே இவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

2கேடி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 92 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 93.8 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 623.5 கன செண்டிமீட்டர் வரும். நான்கால் பெருக்கினால் 2,494. அதுதான் ‘2.5 லிட்டர்’.

இதன் ஆரம்ப வகைகளில் அழுத்த விகிதம் 18.5க்கு 1. அதாவது 18.5 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரே பங்கு இடத்துக்குள் திணிக்கப்படுகிறது. பிஸ்டன் உச்சியை அடையும்போது மிஞ்சும் இடம் எவ்வளவு? 623.5ஐ 17.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 36 கன செண்டிமீட்டர். சமையலறையில் உள்ள மேசைக்கரண்டியால் இரண்டரைக் கரண்டி, அவ்வளவே! இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

27 டிகிரி செல்சியஸ் காற்றை, வெப்பம் சிறிதும் வெளியேறாமல் இப்படி நெருக்கினால் கணக்குப்படி 690 டிகிரி வரை சூடாகும். உண்மையான எஞ்சினில் சிலிண்டர் சுவர் வழியே கொஞ்சம் வெப்பம் போய்விடும். அப்படியிருந்தும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளப் போதுமான சூடு மிஞ்சும். ஏனெனில் டீசல் 250 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையிலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடியது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. டீசல் எஞ்சினின் உயிர் அதன் நெருக்கும் ஆற்றலில்தான் இருக்கிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்தாலோ, வால்வு சரியாக மூடாவிட்டாலோ காற்று கசியும். காற்று கசிந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் டீசல் சரியாக எரியாது. பழைய டீசல் எஞ்சினைச் சோதிப்பது என்றால் பெரும்பாலும் இந்தக் கசிவைத் தேடுவதுதான்.

ஊசித்துளையில் ஆயிரம் பார்

பழைய டீசல் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்ப் தனித்தனியாக எண்ணெயைத் தள்ளும். 1990களில் புது முறை வந்தது. ஒரு பொதுவான தடித்த குழாயில் டீசலைக் கடும் அழுத்தத்தில் சேர்த்து வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் முறை அது. அதற்குக் ‘காமன் ரெயில்’ என்று பெயர். ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1995இல் இதை லாரிகளுக்குக் கொண்டுவந்தது. 1கேடி, 2கேடி எஞ்சின்களிலும் இருப்பது இதுவே.

இந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். காரின் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்றுக் கூடுதல்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்! இவ்வளவு அழுத்தத்தில் நுண்துளை வழியே வரும்போது டீசல் பனிமூட்டம்போல் சிதறும். துளிகள் சிறிதானால் அவற்றின் மொத்தப் பரப்பளவு கூடும். பரப்பளவு கூடினால் வேகமாகவும் முழுமையாகவும் எரியும். புகை குறையும், சத்தம் குறையும், எண்ணெய் மிச்சமாகும்.

ஆனால், நுண்மைக்கு ஒரு விலை உண்டு. பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட தூசியையும் தண்ணீரையும் இந்த எஞ்சின் பொறுக்காது. கோளாறுகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கோளாறு வரும் இடங்கள்

செப்பு வளையம்: இன்ஜெக்டர் சிலிண்டர் தலையில் உட்காரும் இடத்தில் ஒரு சிறிய செப்பு வளையம் இருக்கிறது. விலை மலிவானது. எரியும் வாயு மேலே கசியாமல் தடுப்பது அதன் வேலை. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வளையம் தளர்ந்தால் சூடான, கரி நிறைந்த வாயு எஞ்சின் எண்ணெய் இருக்கும் பகுதிக்குள் புகும். எண்ணெய் கருகிக் கட்டியாகும். அந்தக் கட்டிகள் கீழே எண்ணெய்த் தொட்டியில் இறங்கி, எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். பிறகு எண்ணெய் மேலே ஏறாது. பேரிங்குகள் உலர்ந்து உரசி, எஞ்சின் இறுகிவிடும். 1கேடி, 2கேடி குடும்பத்தின் பேர்பெற்ற கோளாறு இதுதான். சிறியதொரு வளையத்தை நேரத்தில் மாற்றாததால் முழு எஞ்சினும் போவதைப் பட்டறைக்காரர்கள் நன்கு அறிவார்கள்.

இன்ஜெக்டர்: இன்ஜெக்டரின் நுனி தேய்ந்தால் டீசல் பனியாக வராமல் ஒழுகலாக வரும். ஒழுகிய எண்ணெய் பிஸ்டனின் ஒரே இடத்தில் விழுந்து எரியும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் வாயுவோ 2,000 டிகிரியை ஒட்டும். கீழிருந்து எண்ணெய் பீய்ச்சிப் பிஸ்டனைக் குளிர்விப்பதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. ஒரே புள்ளியில் சூடு குவிந்தால் பிஸ்டன் வெடிப்பு விடும். 3 லிட்டர் 1கேடியில் இப்படிப் பிஸ்டன் வெடித்த சம்பவங்கள் பல நாடுகளில் பேசப்பட்டவை.

இதன் வலிமையை எண்ணிப் பாருங்கள். எரியும்போது உச்ச அழுத்தம் 150 பார் என்று கொள்வோம். பிஸ்டனின் மேற்பரப்பு 66.5 சதுர செண்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 100,000 நியூட்டன் விசை கிடைக்கும். பத்து டன் எடையைத் தூக்கி வைத்ததற்குச் சமம். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு ஏறக்குறைய 17 முறை இந்த அடியை வாங்குகிறது.

எரிபொருள் வால்வு: பம்புக்குள் எவ்வளவு டீசல் செல்ல வேண்டும் என்று கட்டுப்படுத்த ஒரு மின் வால்வு உண்டு. தண்ணீரும் அழுக்கும் கலந்த டீசல் போனால் அது ஒட்டிக்கொள்ளும். அப்போது எஞ்சின் நின்ற இடத்தில் ஏறி இறங்கிச் சீரற்று ஓடும். சிக்னலில் நிற்கும்போது திடீரென்று அணைந்துவிடும். டீசல் ஃபில்டரை ஒழுங்காக மாற்றுவதும் அதன் அடியில் சேரும் தண்ணீரை வடிப்பதும் இதற்கான மருந்து.

இங்கே ஓர் உள்ளூர்ச் செய்தியும் சேர்கிறது. 2019இல் நம் நாட்டில் போக்குவரத்துக்கான டீசலில் பத்து விழுக்காடு செம்பனை உயிரி டீசல் கலப்பது நடைமுறைக்கு வந்தது. இது நல்ல எரிபொருள். பம்புக்கு வழுவழுப்பும் தருகிறது. ஆனால், சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். ஆகவே மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த வேனை வாங்கினால் முதல் வேலையாக ஃபில்டரை மாற்றுவது நல்லது.

டைமிங் பெல்ட்: வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைப் பிஸ்டனின் அசைவோடு இணைப்பது ரப்பர் பல்பட்டை. இது அறுந்தால் திறந்திருக்கும் வால்வின் மேல் பிஸ்டன் மோதும். டொயோட்டா இந்தப் பெல்ட்டுக்கு மாற்றும் காலத்தைக் குறித்திருக்கிறது. நாட்டையும் வாகனத்தையும் பொறுத்து அது 100,000 அல்லது 150,000 கிலோமீட்டர். காலம் வந்ததும் மீட்டர் பலகையில் ஒரு விளக்கு எரியும். ஒன்றைக் கவனியுங்கள். பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும்! எனவே விளக்கு எரியவில்லை என்பது சான்றாகாது. பெல்ட் மாற்றிய பட்டறை ரசீதுதான் சான்று.

நிசான் என்வி350 ஊர்வான் வேனின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் ரப்பர் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கிறது. சங்கிலி என்றால் கவலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் சங்கிலியும் தேய்ந்து நீளும். காலையில் முதல் முறை முடுக்கும்போது முன்பக்கத்தில் சலசலவென்ற ஓசை கேட்டால் அதைச் சந்தேகிக்கலாம்.

டர்போவும் கரிப்படிவும்: வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளும் சக்கரமே டர்போ. நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி சுழல்வதால் எண்ணெய் கெட்டால் முதலில் பாதிக்கப்படுவதும் அதுவே. இன்னொரு பக்கம், புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் வால்வு ஒன்று இருக்கிறது. நச்சுத்தன்மை உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து காற்றுப் பாதையில் தார்போல் படியும். குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் நீண்ட நேரம் நின்றபடியே ஓடும் வேன்களில் இந்தப் படிவு விரைவாகச் சேரும்.

புகை பேசும் மொழி

நல்ல டீசல் எஞ்சின் சூடேறியபின் கண்ணுக்குத் தெரியும் புகையை அதிகம் விடாது. விட்டால் அதன் நிறத்தைப் பாருங்கள்.

கறும்புகை என்றால் முழுதாக எரியாத கரி. காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம். அடைத்த காற்று ஃபில்டர், பழுதான டர்போ, ஒழுகும் இன்ஜெக்டர், கரி பிடித்த காற்றுப் பாதை ஆகியவை காரணமாகலாம். நம் நாட்டில் 1996இல் வந்த டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, கறும்புகை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டினால் குற்றம்.

நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் புகை நீலமாகத் தெரிகிறது. வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதுபோன்ற ஒளிச்சிதறலே காரணம். தேய்ந்த பிஸ்டன் வளையமோ, டர்போவின் கசிவோ இதன் பின்னால் இருக்கும்.

வெண்புகை இரண்டு வகை. டீசல் நெடி கண்ணை எரித்தால் அது எரியாமல் ஆவியான டீசல். நெடி இல்லாமல் நிற்காது வந்துகொண்டே இருந்தால் குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று பொருள். இரண்டாவது வகை அதிகச் செலவு வைக்கும்.

எண்ணெயின் நிறத்தை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. டீசல் எஞ்சினில் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அந்த எண்ணெயின் கடமை. கறுப்பு நிறம் நோயன்று. ஆனால் மூடியைத் திறந்தால் பால்கலந்த தேநீர்போல் பழுப்பாக நுரைத்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் வழக்கத்துக்கு மேல் ஏறியிருந்தால் டீசல் ஒழுகிக் கலந்திருக்கலாம்.

வெள்ளம் கண்ட வேன்

2021 டிசம்பர் 18ஆம் தேதியை ஒட்டி நாட்கணக்கில் கொட்டிய மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா, மேரு வட்டாரத்துக் கம்போங் புடிமான் முதலிய இடங்களில் வீடுகளும் வாகனங்களும் நீரில் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டிகள் எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுவதில்லை. கழுவித் துடைத்து மீண்டும் விற்பனைக்கு வருபவையும் உண்டு.

இப்போது அந்த 36 கன செண்டிமீட்டரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காற்றை நெருக்கலாம்; தண்ணீரை நெருக்க முடியாது. வெள்ளத்தில் ஓட்டும்போது ஒரு சிலிண்டருக்குள் இரண்டரைக் கரண்டிக்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே போக இடமே இல்லை. ஆனால் மற்ற மூன்று பிஸ்டன்களும் சக்கரங்களும் அதைத் தள்ளுகின்றன. நடுவில் மாட்டிய இணைப்புத் தண்டு வளைகிறது. பெட்ரோல் எஞ்சினில் மிச்ச இடம் அதிகம், டீசலில் குறைவு. அதனால் டீசல் எஞ்சினுக்கு இந்த ஆபத்தும் அதிகம்.

தண்டு சிறிதளவே வளைந்திருந்தால் எஞ்சின் மீண்டும் ஓடும். வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது. நெருக்கம் குறையும். சில மாதங்களில் தண்டு முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரையே உடைக்கலாம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடிக்கலாம்.

வெள்ளம் கண்ட வண்டிக்கு வேறு தடயங்களும் உண்டு. இருக்கை வார்ப் பட்டையை முழுதாக வெளியே இழுத்தால் அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். இருக்கையின் அடிக்கம்பிகளில் துரு, விரிப்புக்குக் கீழே நுண்ணிய மண், விளக்குக் கண்ணாடியின் உள்ளே நீர்க்கோடு, கதவைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் வாசனைத் தெளிப்பு... இவை எல்லாம் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள்.

மீட்டர் உண்மை சொல்கிறதா?

ஒரு வேன் நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர். எட்டு ஆண்டில் 240,000. அப்படிப்பட்ட வேன் 90,000 என்று காட்டினால் உங்கள் மனத்தில் மணி அடிக்க வேண்டும். மீட்டர் எண்ணை மாற்றலாம். தேய்மானத்தை மாற்றுவது கடினம். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழுவழுப்பு, ஓட்டுநர் இருக்கையின் பள்ளம் ஆகியவை மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அதிகம் ஓடிய வேன் என்றாலே கெட்டது என்பதும் இல்லை. நேரம் தவறாமல் எண்ணெய் மாற்றி, நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 250,000 கிலோமீட்டர் எஞ்சின், பராமரிப்பு இல்லாத 120,000 கிலோமீட்டர் எஞ்சினைவிட நலமாக இருக்கலாம். ஆகவே ரசீதுக் கட்டு மீட்டரைவிடப் பெரிய சாட்சி.

வேனைப் பார்க்கப் போகும் நாளில்

அப்பாவோ மாமாவோ வேன் பார்க்கப் போனால் இந்தப் பட்டியலை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்களும் கூடப் போகலாம். ஆனால், எஞ்சினைத் தொடும் வேலைகளைப் பெரியவர்களிடமே விடுங்கள்.

1. எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போக வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், ஏன் என்று கேளுங்கள்.

2. முதல் முடுக்கத்தைக் கவனியுங்கள். குளிர்நாடுகளில் காலையில் டீசல் எஞ்சின் தடுமாறினால் அதற்குக் குளிரே காரணமாக இருக்கலாம். அங்கே சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் இல்லாமல் முடியாது. இங்கே நமக்கு விடியற்காலையிலும் 24, 25 டிகிரி இருக்கிறது. கிள்ளானில் ஒரு டீசல் எஞ்சின் நெடுநேரம் முனகிய பிறகே உயிர் பெற்றால் குறை நெருக்கத்தில் இருக்கலாம், இன்ஜெக்டரில் இருக்கலாம். குளிரைக் குற்றம் சொல்ல முடியாது.

3. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய ஆவி வருவது இயல்பு. இரயில் புகைபோல் குபுகுபுவென்று வந்து மூடி துள்ளினால், பிஸ்டன் வளையத்தைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது.

4. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் இருமடங்கு ஆனால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழும். 100 டிகிரிக்கு மேலிருந்த நீர் ஒரேயடியாக நீராவியாகி முகத்தில் பாயும். ஆறிய பிறகு திறந்து, எண்ணெய்ப் படலமோ துருவோ இருக்கிறதா என்று பார்க்கலாம்.

5. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். காலி வேன் எல்லாமே நன்றாக ஓடும். மேம்பால ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கிறதா, பின்னால் என்ன நிறப் புகை, வெப்பமுள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

6. நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, குளோ பிளக் துளையில் அளவியைப் பொருத்தி நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளப்பது. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். மற்றொன்று, இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலை நான்கு சிறு குப்பிகளில் பிடிப்பது. ஒரே நேரம், ஒரே வேகம்; அறிவியல் கூடத்தில் நாம் மாறிகளைக் கட்டுப்படுத்துவதுபோல. ஒரு குப்பி மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. கணினியைப் பொருத்திப் பிழைக் குறியீடுகளையும் படிக்கலாம். ஆனால், நேற்றுத்தான் அழிக்கப்பட்ட குறியீடு இன்று தெரியாது. குப்பிகளை அப்படி ஏமாற்ற முடியாது.

காகிதங்களும் மாற்று எஞ்சினும்

உரிமை மாற்றத்துக்காக புஸ்பாகோமில் செய்யும் பி5 பரிசோதனையில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். அது அவசியமான சோதனை. ஆனால், அதில் தேறியதால் எஞ்சின் இன்னும் ஐந்தாண்டு ஓடும் என்று பொருளில்லை. செப்பு வளையத்தையும் எண்ணெய்ச் சல்லடையையும் அங்கே கழற்றிப் பார்ப்பதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘ஹாஃப் கட்’ கடைகள் பல. ஜப்பானிலிருந்து வாகனத்தின் முன்பாதியை வெட்டிக் கொண்டுவந்து, அதிலுள்ள எஞ்சினை விற்பார்கள். பழைய எஞ்சின் போனவர்களுக்கு இது மலிவான வழி. ஆனால் எஞ்சின் மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவிலும் எண் மாற வேண்டும். மாற்றாமல் விற்கப்படும் வேனை வாங்கினால் உரிமை மாற்றத்தின்போது சிக்கல் உங்கள் தலையில் விழும். அத்துடன், அந்த எஞ்சினின் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. அதையும் மேலே சொன்ன அதே சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும்.

டீசல்தான் வேண்டுமா?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு உயர்ந்தது. நாளுக்கு 20 லிட்டர் போடும் வேனுக்கு அன்று கூடிய செலவு 24 ரிங்கிட். தகுதியுள்ள பள்ளிப் பேருந்துகள் போன்ற சேவைகளுக்கு மானிய அட்டை உண்டு. தனியார் சொந்த வேனுக்கு நிலைமை வேறு. எனவே வேன் எதற்காக, நாளுக்கு எவ்வளவு தூரம் என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். சுமையோடு நீண்ட தூரம் ஓடும் வேலைக்கு டீசல் பொருந்தும். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குப் போய்வரும் வேலைக்கு, எஞ்சின் முழுதாகச் சூடேறவே நேரமில்லை. கரி படியும், செலவு கூடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெட்ரோல் வேனே மேல்.

வாங்க முடிவு செய்தால் விலையோடு இன்னொரு தொகையையும் ஒதுக்கிவைக்க வேண்டும். டைமிங் பெல்ட்டுக்கு ரசீது இல்லையென்றால் அது மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். இன்ஜெக்டர் செப்பு வளையங்கள், எண்ணெய், எல்லா ஃபில்டர்கள், பெல்ட் ஆகியவற்றை மாற்றி, எண்ணெய்த் தொட்டியை இறக்கிச் சல்லடையைப் பார்த்த பிறகே பிள்ளைகளை ஏற்றுவது நல்லது. இந்தச் செலவு எஞ்சினை மாற்றும் செலவில் சிறு பகுதிதான். இதையெல்லாம் சோதிக்க விற்பவர் இடம் கொடுக்கவில்லை என்றால், வேன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிட்டு வருவதே இலாபம்.

செய்து பாருங்கள்

1கேடி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரம் 103 மில்லிமீட்டர். சிலிண்டர்கள் நான்கு. அழுத்த விகிதம் 17.9க்கு 1. இதன் மொத்தக் கன அளவு எவ்வளவு? ஒரு சிலிண்டரில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் எவ்வளவு? மேலே செய்த கணக்கைப் பின்பற்றிக் கண்டுபிடியுங்கள்.

விடை: ஏறத்தாழ 2,982 கன செண்டிமீட்டர், மிஞ்சும் இடம் ஏறத்தாழ 44 கன செண்டிமீட்டர். அதாவது மேசைக்கரண்டியால் மூன்று.